படகுக்குள் பேறுகாலம்

இரண்டு மூட்டை லுங்கியைக் கொடுத்து ஒரு படகை வாங்கி வந்த மனிதனை ஊர் என்ன செய்யும்? சிரிக்கும். துளசிங்கத்தைப் பார்த்து அவர் ஊர் ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஒன்பது வருஷம் சிரித்தது.

ஊர் பெரிய ஊரெல்லாம் இல்லை. திருத்தணிக்கும் கே.ஜி.கண்டிகைக்கும் நடுவே, டிரைவருக்கு மனசிருந்தால் பஸ் நிற்கும், இல்லாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். நாற்பது வீடு. எல்லா வீட்டிலும் தறி. ஊர் நடுவில் ஒரு சின்ன முருகன் கோயில், அதற்கு இருபத்தொரு படி இறங்கும் ஒரு கல் குளம். பக்கத்திலேயே மலைமேல் அத்தனை பெரிய முருகன் இருக்கும்போது உங்களுக்கு எதற்கு இன்னொருத்தர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவர் எல்லாருக்கும், இவர் எங்களுக்கு என்பார்கள் ஊர்க்காரர்கள். சித்திரைப் பௌர்ணமிக்கு இந்தச் சாமிக்குத் தெப்பம் விடுவது வழக்கம். தார் டிரம்களைக் கட்டி, மேலே பலகை போட்டு, சாமியை உட்காரவைத்து மூன்று சுற்று இழுப்பார்கள். ஒரு வருஷம் டிரம் ஒன்று கழன்றுபோய், சாமியின் குடை தண்ணீரில் விழுந்தது. நல்ல வேளை, குடையோடு போயிற்று.

அதற்கு அடுத்த வருஷம், அறுபத்தொன்பதில், துளசிங்கம் லுங்கி மூட்டையோடு மெட்ராஸ் போனார். பேசின் பிரிட்ஜ் பக்கம் கால்வாயில் பழைய உப்புப் படகுகள் கட்டிக்கிடந்தன. லாரி வந்த பிறகு அவற்றைத் தேடுவார் இல்லை. அதுவரை படகையே பார்த்திராத மனிதர் கரையில் நின்று வாயைப் பிளந்தார். படகுக்காரன் விளையாட்டாக, "ஏறு நைனா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று ஏற்றிக்கொண்டான். கையைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருந்த துளசிங்கத்துக்கு என்ன தோன்றியதோ, இறங்கியதும் விலை கேட்டார். வியாபாரிக்குப் போக வேண்டிய இரண்டு மூட்டையும் படகுக்காரனிடம் போயின. படகு செங்கல் லாரியில் அரக்கோணம் வந்து, அங்கிருந்து நான்கு மாட்டு வண்டியில் ஊர்வலமாக ஊருக்கு வந்தது.

"மச்சான், உங்க ஊட்டுக்கு எதிர்ல கடலு எப்போ வருது?" என்று கேட்டார் பச்சையப்பன். ஊர் நாட்டாண்மை அவர். துளசிங்கத்தின் அக்கா ரத்தினம்மாளைக் கட்டியவர். பேச்சில் மிளகாய் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, படகு நன்றாகத்தான் மிதந்தது. நான்கு வருஷம் தெப்பம் அதில்தான். ஐந்தாம் வருஷம் குளம் வற்றியது. ஆறு, ஏழு, எட்டு என்று மழை ஏமாற்றிக்கொண்டே போயிற்று. படகைக் கரைமேல் நான்கு கல் தூணில் ஏற்றி வைத்தார்கள். வெயிலில் பலகை வாய் பிளந்தது. துளசிங்கம் வருஷா வருஷம் எண்ணெய் தடவினார். தண்ணீரில்லாத ஊரில் படகுக்கு எண்ணெய் தடவுகிற மனிதரைப் பார்த்துச் சிரிக்காமல் எப்படி இருப்பது?

பச்சையப்பன் ஒருநாள் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். "தோ பாரு. அடுத்த தடவ கொளம் நெறஞ்சும் இது தண்ணி மேல போவலன்னு வெச்சுக்க, கோடாலிய எடுத்துகினு வந்து நானே பொளந்து மடப்பள்ளி அடுப்புக்குப் போட்டுடுவேன். இது கோயில் எடம், உன் பொம்மக் கொலு இல்ல."

துளசிங்கம் அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை.

எழுபத்தேழு ஐப்பசியில் பிடித்தது மழை. கார்த்திகை முழுக்க விடவில்லை. குளம் மேல்படி வரைக்கும் தளும்பியது. மழையில் நனைந்துகொண்டே துளசிங்கம் குளக்கரையில் நின்றார். அவர் மனைவி அம்சா கையைப் பிடித்து இழுத்து வந்து தலையைத் துவட்டினாள். "சித்திரை வரிக்கும் தண்ணி நிக்கும்டி" என்றார் அவர், துவட்டுகிற துண்டுக்குள்ளிருந்தே.

தண்ணீர் நின்றது. பங்குனிக் கடைசியில் எட்டாம் படிக்கு இறங்கியிருந்தது. அதில் ஒரு சிக்கலும் உண்டு. படகை இறக்கும் சரிவுக்கல் பன்னிரண்டாம் படியோடு முடிகிறது. தண்ணீர் அதற்குக் கீழே போனால் படகு சேற்றில்தான் உட்காரும். பத்து, பன்னிரண்டு நாளுக்கு ஒரு படி என்று இறங்குகிற தண்ணீருக்கு, சித்திரைப் பௌர்ணமிக்கு இன்னும் பதினெட்டு நாள். தாராளமாகப் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, கழிவு நூலும் குங்கிலியமும் எண்ணெயுமாகப் பலகை இடுக்குகளை அடைக்கக் கிளம்பினார் துளசிங்கம்.

படகின் முன்பக்கம் பலகை போட்டு மூடியிருக்கும். அதன் அடியில் ஒரு ஆள் குனிந்து உட்காருகிற அளவுக்கு இருட்டு அறை. உப்பு நனையாமல் இருக்க அந்தக் காலத்தில் செய்தது. கதவைத் திறந்ததும் மூக்கில் ஒரு காரமான வாடை அடித்தது. கீழே மிளகைக் கொட்டியது போல எச்சம். டார்ச்சை மேலே அடித்தார். பலகை முழுக்கத் துரிஞ்சில். கட்டைவிரல் நீளத்துச் சின்ன வௌவால்கள், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, மொத்தமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் அந்தக் கூட்டம் முழுவதும் ஒரு நடுக்கம் நடுங்கியது.

டார்ச்சை அணைத்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார்.

சேதி பச்சையப்பன் காதுக்குப் போக எவ்வளவு நேரம்? "ஒரு படி காஞ்ச மொளகாயப் போட்டு பொகைய உடு. ஒரே நாள்ல அத்தினியும் காலி" என்றார்.

"வோணாம் பாவா. நான் பாத்துக்கிறேன்."

"இன்னாத்த பாப்ப?"

"அதுங்க தானா போற மாதிரி."

அன்று சாயங்காலம் படகுக்கு எதிரே கல்லில் போய் உட்கார்ந்தார் துளசிங்கம். மலைமேல் விளக்கு எரிய ஆரம்பித்த நேரம். முன்பக்கப் பலகையில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பிளவு. அதிலிருந்து ஒன்று விழுந்தது. விழுந்தது என்றுதான் நினைத்தார். தரைக்கு ஒரு முழம் மேலே சிறகை விரித்துத் தண்ணீர்மேல் போய்விட்டது. பிறகு இரண்டு. பிறகு நிற்கவே இல்லை. முந்நூறு வரை எண்ணினார், அப்புறம் எண்ணிக்கை தவறிப்போயிற்று. இத்தனை உயிரும் தன் படகுக்குள்ளிருந்தா வருகிறது? தன்னை மறந்து கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட பிறகுதான் யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

கடைசியாக ஒன்று போனது. அதற்குமேல் அரை நாழிகை காத்திருந்தும் எதுவும் வரவில்லை. எல்லாம் போயாயிற்று. நூலைத் திரித்து, குங்கிலியத்தில் தோய்த்து, பிளவில் வைத்து உளியால் தட்டித் தட்டி அடைத்தார். நூல் கைக்காரர் அடைத்த அடைப்பு, எறும்புகூட நுழையாது. வீட்டுக்கு வந்து அம்சாவிடம், "ஒரு உசுரு சாவல. ஒரு றெக்க ஒடியல. எப்படி?" என்று பெருமை அடித்துக்கொண்டு, இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

விடியற்காலை நூல் அலசக் குளத்துக்குப் போன அம்சா அலசாத நூலோடு ஓடி வந்தாள்.

"இன்னா காரியம் பண்ணி வெச்சுகீற? வந்து பாரு!"

படகின் வெளிப்பக்கம் முழுக்கத் துரிஞ்சில். பொழுது விடிந்த பிறகும் போகாமல், அடைத்த இடத்தைச் சுற்றிச் சுற்றி ஊர்ந்துகொண்டிருந்தன. பலகையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தன. துளசிங்கம் கிட்டே போனபோதும் பறக்கவில்லை. பலகையில் காதை வைத்தார். உள்ளே மெல்லிசாக, விடாமல், ஏகப்பட்ட குரல்கள். ரொம்பச் சின்னக் குரல்கள்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. போனது தாய்கள். குட்டிகளை உள்ளே தொங்கவிட்டுவிட்டு இரை தேடப் போயிருந்தன.

ஓடிப்போய் உளியை எடுத்து வரவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. விரலாலேயே நோண்டினார். குங்கிலியம் கல்லாக இறுகியிருந்தது. நகம் பெயர்ந்தது. அம்சா நூல் வெட்டும் கத்தியைத் தந்தாள். இருவருமாகப் பிய்த்து எடுத்ததுதான் தாமதம், அவர் கையை எடுப்பதற்குள் தாய்கள் மணிக்கட்டின் மேலேயே ஏறி உள்ளே பாய்ந்தன. ஒன்றுகூடக் கடிக்கவில்லை. ஈரச் சிறகு தோலில் உரசிக்கொண்டு போனதை மட்டும் கடைசிவரைக்கும் அவரால் மறக்க முடியவில்லை.

உள்ளே இருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றாக. அத்தனை கூட்டத்தில், அத்தனை இருட்டில், எந்தத் தாய்க்கு எந்தக் குட்டி என்று எப்படித் தெரியும்? தெரிந்தது.

கதவைத் திறந்து பார்த்தபோது தரையில் மூன்று குட்டிகள் கிடந்தன. ரோமம்கூட முளைக்கவில்லை. துளசிங்கம் அவற்றைத் தோள் துண்டில் எடுத்துக்கொண்டு போய்க் குளத்து மேட்டில் புதைத்தார். "நான் இன்னா பாவம் பண்ணிட்டேன் அம்சா" என்று மண்கையோடு உட்கார்ந்து அழுதார். அம்சா வைய நினைத்துத்தான் வாயைத் திறந்தாள். வையவில்லை.

அன்று சாயங்காலமே கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. குட்டிகள் பறக்க மாதத்துக்குமேல் ஆகும், அதுவரை படகைத் தொட முடியாது, தெப்பத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்றார் துளசிங்கம். பச்சையப்பன் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"நாலு வருசம் கழிச்சு சாமி தண்ணிக்கு எறங்கப் போவுது. இவுரு வவ்வாலு கொஞ்சிகினு கீறாரு! நாளைக்குப் பொகைய போடுறோம். இல்லியா, டிரம்மைக் கட்டுறோம், படகப் பொளக்கிறோம். ரெண்டுல ஒண்ணு. அவ்ளோதான்."

துளசிங்கம் தரையைப் பார்த்தார். டிரம்மைக் கட்டிக்கொள்ளுங்கள், குட்டிகள் பறந்த பிறகு படகைப் பிளந்துகொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அம்சா எழுந்தாள். சபையில் பேசிப் பழகாதவள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஒரு வார்த்த கேக்கலாங்களா அண்ணா?"

"கேளும்மா."

"போன வருசம் எங்க பொண்ணு மனோரமா பிரசவத்துக்கு வந்திருந்தா. சாமி தெருவுல வந்துச்சு. எங்க ஊட்டு வாசல்ல நிக்கல. இருபத்தெட்டாம் நாளு அது. ரெண்டு நாளுதான் அண்ணா கொறச்சல், கற்பூரம் மட்டும் வாங்கிக்குங்கன்னு உங்க கால்ல உழாத கொறையா கேட்டேன். நீங்க இன்னா சொன்னீங்க?"

பச்சையப்பன் தொண்டையைச் செருமினார். "முப்பது நாளு பொறந்த தீட்டு. தீட்டு ஊட்டுல சாமி நிக்காது. நம்ம ஊரு கட்டு அது. உனுக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணு இல்ல."

"ஆங். அத்தான் கேக்குறேன். படகுக்குள்ள தெனம் பிரசவம் ஆய்கினு கீது. ஒண்ணில்ல, ரெண்டில்ல, நூறு புள்ள பொறந்த ஊடு அது. அதுல சாமிய தூக்கி உக்கார வெக்கலாங்களா? குருக்களய்யா சொல்லட்டும்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பச்சையப்பன் திரும்பி முறைத்தார். வௌவாலுக்குத் தீட்டு உண்டா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. போன வருஷம் பூனை குட்டி போட்டது என்று வாகன மண்டபத்தையே ஒரு மாதம் பூட்டி வைத்தவர் அவர்தான்.

குருக்கள் வயசானவர், கெட்டிக்காரர். விபூதிப் பையை இப்படியும் அப்படியும் திருப்பினார். "சொல்றது நியாயமாத்தான் இருக்கு. பேறுகால இடத்துல பகவானை எழுந்தருளப் பண்ணற வழக்கம் இந்தக் கோயில்ல இல்லை. அடுத்த பௌர்ணமியை ஒட்டி வைகாசி விசாகம் வரது. அவன் பிறந்த நட்சத்திரம். அன்னிக்கு வெச்சுக்கலாம்."

"தண்ணி?" என்றார் பச்சையப்பன். "விசாகத்துக்குத் தண்ணி பன்னெண்டாம் படில நிக்குமா?"

குருக்கள் விபூதிப் பையை முடிந்துகொண்டார்.

"சரி. விசாகம். அன்னைக்குப் படகு எறங்கல, மறுநாள் காலைல கோடாலி. சபைல சொல்லிட்டேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார் பச்சையப்பன். போகும்போது மனைவியிடம், "ரத்தினம், நீதானே இந்த ஊருக்கு மருத்துவச்சி. போயி கடைசிப் பிரசவம் எந்த நாள்னு பாத்துகினு வா. அன்னையிலேர்ந்து முப்பது நாளு. ஒரு நாளு கூடக் கொறச்சலும் கெடையாது, ஒரு நாளு ஜாஸ்தியும் கெடையாது" என்றார். கேலியாகத்தான் சொன்னார்.

ரத்தினம்மாள் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சுற்று வட்டாரத்தில் நானூறு பிள்ளைகளுக்குமேல் கையில் ஏந்தியவள். தினம் மத்தியானம் ஈரத்துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு, டார்ச்சுக் கண்ணாடியில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு, கதவை ஒரு விரற்கடை திறந்து பார்ப்பாள். சிவப்பு வெளிச்சத்துக்கு அவை அவ்வளவாகப் பயப்படவில்லை. முதல் இரண்டு நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் உள்ளே பார்த்தவள் பார்த்தபடியே நின்றுவிட்டாள். அம்சா இரண்டு தரம் கூப்பிட்டும் திரும்பவில்லை.

ஒரு தாய், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது, கையால் பலகையைப் பற்றித் தலைநிமிர்ந்து கொண்டது. வால்பக்கத்துத் தோலைப் பின்னாலிருந்து முன்னால் வளைத்து மடிபோல் ஆக்கிற்று. குட்டி அந்த மடியில் விழுந்தது. தாய் குனிந்து நக்கிற்று. கண்ணும் திறக்காத அந்த உயிர், யாரும் சொல்லிக் கொடுக்காமல், தாயின் வயிற்றைப் பற்றி ஏறிப் பால்காம்பைப் பிடித்துக்கொண்டது. தாய் மறுபடி தலைகீழானது. எல்லாம் முடிந்தது.

ரத்தினம்மாள் கதவைச் சாத்திவிட்டுக் கல்லில் உட்கார்ந்தாள்.

"ஏந்துறதுக்கு ஒருத்தி இல்லாம எப்படி பெத்துக்கும்னு நெனச்சேன் அம்சா. மடியை விரிச்சு தானே ஏந்திக்கிச்சுடி. நானூறு பிரசவம் பாத்தவ. இத்தினி நாளா நான்தான் ஏந்துறேன்னு நெனச்சுகினு இருந்தேன் பாரேன்!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று ராத்திரி பச்சையப்பனுக்கு அவள் என்ன சொன்னாளோ, மறுநாள் அவரும் சாயங்காலமாகக் குளத்துப் பக்கம் 'சும்மா' வந்தார். வந்தவர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால் கடைசிப் பிரசவம் என்று ரத்தினம்மாள் அறிவித்தாள். அங்கிருந்து முப்பது நாள்.

நாள் போகப் போகத் தண்ணீரும் போயிற்று. துளசிங்கத்துக்குத் தறியில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. காலையில் படியை எண்ணுவார், சாயங்காலம் வௌவாலைப் பார்ப்பார். ஒன்பது. பத்து. சித்திரை வெயில் குளத்தை உறிஞ்சியது. பத்தரை. இதற்கு நடுவே ஒருநாள் குட்டி ஒன்று பிளவின் வழியே வெளியே விழுந்து கிடந்தது. வெறுங்கையால் தொடாதே என்று அவரைத் தடுத்துவிட்டு அம்சா பழைய லுங்கித் துண்டால் அதை எடுத்து, சொரசொரப்பாக இருந்த அதே துணியைப் பிளவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி, குட்டியைப் பற்றிக்கொள்ள வைத்தாள். இருவரும் எட்டி உட்கார்ந்தார்கள். கூட்டம் வெளியே பாய்ந்தது. நூறு, இருநூறு என்று அதைக் கடந்து போயிற்று. ஒன்று மட்டும் போன வழியில் திரும்பியது. துணியைச் சுற்றி மூன்று வட்டம் போட்டது. வந்து உட்கார்ந்தது. குட்டி அதன் வயிற்றில் ஒட்டிக்கொள்ள, இருவருமாக எழும்பி உள்ளே போனார்கள்.

"முருகா" என்றார் துளசிங்கம்.

பதினொன்று. பதினொன்றே கால்.

வைகாசி பிறந்ததும் குட்டிகள் வெளியே வர ஆரம்பித்தன. முதல் நாள் பிளவில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடின. மறுநாள் விழுந்து, தடுமாறி, படகையே ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பின. நான்கு நாளில் தாயோடு குளத்துக்கு மேலே போயின. இனி யாரும் உள்ளே தொங்கிக்கொண்டு காத்திருக்கவில்லை என்று ரத்தினம்மாள் டார்ச்சு அடித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் துளசிங்கம் அடுத்த வேலையைத் தொடங்கினார்.

குளத்துக்கு மேற்கே ஒரு பாழடைந்த கல் மண்டபம் இருந்தது. படகில் பழசாகிப்போன இரண்டு பலகைகளைக் கழற்றி, அவற்றின் வாடை போகாமல் அப்படியே அங்கே விட்டத்தில் கட்டினார். அம்சா கைக்குட்டைக்குக்கூட ஆகாத மாதிரி கண்ணு கண்ணாக ஒரு சல்லாத்துணி நெய்து கொடுத்தாள். பிளவின் மேல்விளிம்பிலும் இரண்டு பக்கத்திலும் அதை ஆணியடித்து, கீழே ஒரு முழம் திறந்து தொங்கவிட்டார். உள்ளிருந்து வருவது துணிக்குள்ளேயே இறங்கி அடியில் வெளியே விழுந்து பறக்கலாம். திரும்பி வருவது பிளவைத் தேடித் துணியில் முட்டும், நுழைய முடியாது. முதல்நாள் நிறைய முட்டின. துளசிங்கம் விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார். பொழுது வெளுத்தபோது ஒரு கூட்டம் மேற்கே திரும்பியது. மூன்றாம் நாள் படகு சத்தமில்லாமல் இருந்தது.

பலகையில் காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு உள்ளே தவழ்ந்து போய், மூலை மூலையாகக் கையால் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகுதான் நூலைத் திரிக்க உட்கார்ந்தார்.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும். துளசிங்கம் அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார். அந்த எட்டில் மூன்று தடவைதான் குளம் நிறைந்தது. மூன்று தடவையும் தெப்பம் வைகாசி விசாகத்தில்தான். நோட்டீஸில் அப்படித்தான் அச்சடித்தார்கள். ஏன் சித்திரையிலிருந்து மாறியது என்று கேட்ட வெளியூர்க்காரர்களிடம் பச்சையப்பன், "அது சாமி பொறந்த நட்சத்திரம்ங்க" என்று முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்.

விசாகத்தன்று காலையில் தண்ணீர் பன்னிரண்டாம் படிக்கு நான்கு விரற்கடை கீழே இருந்தது. துளசிங்கம் விரலை வைத்து இரண்டு தரம் அளந்தார். அளந்தால் ஏறிவிடுமா? குருக்கள் வந்து பிள்ளை பெற்ற வீட்டுக்குச் செய்வது போலவே படகுக்குப் புண்ணியாகவாசனம் செய்து மஞ்சள் நீர் தெளித்தார். ரத்தினம்மாள் காப்பரிசி கிளறி வந்து ஊருக்கெல்லாம் ஒரு பிடி கொடுத்தாள். வாங்கித் தின்ற பச்சையப்பன், "எத்தினி புள்ளைக்குக் காப்பரிசி குடுப்ப நீ?" என்றார். ஆனால் இன்னொரு பிடி கேட்டார்.

சாயங்காலம் சாமியை ஏற்றினார்கள். நாதஸ்வரம் வாசிக்கச் சோளிங்கரிலிருந்து வந்திருந்த கங்காதரன் மல்லாரியைத் தொடங்கினான். நாற்பது பேர் வடம் பிடித்துப் படகைச் சரிவில் விட்டார்கள். பன்னிரண்டாம் படிவரை வழுக்கிக்கொண்டு வந்த படகு, அங்கே சேற்றில் 'சொத்' என்று உட்கார்ந்தது. இழுத்தார்கள். அசையவில்லை. மறுபடி இழுத்தார்கள். வடம் அறுந்தது.

துளசிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பது வருஷச் சிரிப்பும் இப்போது மொத்தமாக வரும் என்று காத்திருந்தார்.

'தொபுக்' என்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், பச்சையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நிற்கிறார். சந்தனம் பூசிய மார்பைப் படகில் கொடுத்து முட்டுகிறார்.

"இன்னாடா பாத்துகினு நிக்கிறீங்க? சாமி உக்காந்துகினு கீது! எறங்குங்கடா!"

ஊர் இறங்கியது. பட்டு வேட்டி, ஜரிகை அங்கவஸ்திரம் எல்லாம் சேறு. பெண்களும் முழங்கால்வரை இறங்கினார்கள். யார் கை, யார் தோள் என்று தெரியவில்லை. கடைசியில் படகு ஒரு முனகல் முனகிக்கொண்டு எழுந்தது. ஆழத்துக்குப் போனதும் மிதந்தது. அப்படியும் கையை எடுக்க யாருக்கும் மனசில்லை. கழுத்தளவு தண்ணீரில் நடந்து, சாமியைக் கையாலேயே தள்ளிக்கொண்டு ஒரே ஒரு சுற்று. மூன்று சுற்றுக்குத் தெம்பில்லை.

பாதிச் சுற்றில் மலைமேல் விளக்கு ஏற்றினார்கள். படகின் விளக்குகளைச் சுற்றி ஈசலும் பூச்சியும் மொய்த்தன. அப்போது மேற்கே மண்டபத்திலிருந்து வந்தன. முதலில் ஒன்று, தண்ணீரை வாயால் தொட்டுவிட்டுப் போனது. அது தொட்ட இடத்தில் ஒரு சின்ன வளையம். பிறகு குளம் முழுக்க வளையம். படகைச் சுற்றி, விளக்கைச் சுற்றி, தண்ணீருக்கு மேலே தெரிந்த தலைகளின் இடுக்கில், ஒன்றும் ஒன்றின்மேல் இடிக்காமல், ஒருத்தர் முடியைக்கூடத் தொடாமல். கங்காதரன் வாசிப்பதை நிறுத்திவிட்டான். நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லை. குருக்கள் காட்டிய கற்பூரம் தட்டில் எரிந்துகொண்டே இருந்தது.

பச்சையப்பன் மூக்கு நுனியை உரசுவது போல ஒரு ஜோடி போயிற்று. முன்னால் பெரியது. பின்னால் சின்னது, இன்னும் தடுமாறிக்கொண்டு.

"மச்சான்" என்றார். "பச்சப் புள்ளைங்கள இட்டுகினு வந்துகீதுடா."

கரையிலிருந்து அம்சா கேட்டாள், "அண்ணா, நாளைக்கி கோடாலி?"

"இன்னா கோடாலி? யாரு சொன்னது?" என்றார் அவர். குளமே சிரித்தது. இந்தத் தடவை துளசிங்கமும் சிரித்தார்.

சாமியை இறக்கி, கூட்டம் கலைந்த பிறகும் அவர் சொட்டச் சொட்டப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அம்சா துண்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வௌவால்கள் இன்னும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தன.

"எவ்ளோ கீது பாரு, எண்ணவே முடியல" என்றாள்.

"மூணு கொறையுது" என்றார் துளசிங்கம்.

அம்சா குளத்து மேட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு துண்டை விரித்து அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.